பேட்டரி மறந்த எண்

அத்தியாயம் 6

மணி இரண்டு நாற்பது. ரேடியோவின் போனில் மிச்சம் நான்கு சதவீதம்.

இந்த இரண்டும் சேர்ந்து அவனை ஓரிடத்தில் இருக்க விடாமல் படுத்தின. உட்கார்ந்தான், எழுந்தான், சுவரோரமாகக் குனிந்துகொண்டே நடந்து பிளக் பாயிண்ட் எங்கேயாவது தென்படுகிறதா என்று பார்த்தான். வரவேற்பறையில் இருந்த ஒரே பிளக்கில் மீன் தொட்டியின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. நாலு மீனைக் கொன்றுதான் துப்புத் துலக்க வேண்டுமா என்று யோசித்து, திரும்பி வந்தான்.

"டேய், காலுக்கடியில நெருப்பா வச்சிருக்கு? உக்காரு" என்றார் பெரியம்மா.

அவனுக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததே அவர்தான். வாயை மூடாததற்கு வைத்த பெயர். அவனுடைய அம்மாவின் அக்கா. இருபத்தாறு வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எண் குறித்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே துப்பறியக் கிளம்பிவிட்டார். போகிற இடத்திலெல்லாம் மீட்டரம்மா என்றால்தான் தெரியும். ஆள் சொல்வதை அவர் பாதிதான் நம்புவார். எண் சொல்வதை முழுசாக நம்புவார். எண்ணை யாராவது திருத்தியிருந்தால் திருத்திய கை அதிலேயே தெரியும் என்பது அவர் கட்சி.

எதிர் சோஃபாவில், மடியில் ஒரு பெரிய பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான் அவர்களை வரவழைத்தவர். ஒரு மாமியார். காலை ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தவரை வாட்ச்மேன் இரண்டு தடவையும் வரவேற்புப் பெண் மூன்று தடவையும் கிளப்பிப் பார்த்துத் தோற்றிருந்தார்கள்.

"என் மாப்பிள்ளை திருடலைங்க. வீட்டுல சக்கரை டப்பாவத் திறந்தாலே மூடியக் கீழ போட்டு மாட்டிக்கிற மனுஷன். அவருக்கு எங்கேருந்து திருட்டு வரும்?"

"மாமியாரே சர்டிபிகேட் குடுக்கிற மாப்பிள்ளைய நான் இப்பத்தான் பாக்கறேன்" என்றான் ரேடியோ. "இவரையெல்லாம் கண்ணாடிப் பெட்டியில வச்சுக் காட்டணும் பெரியம்மா, ஜெயில்ல வைக்கக் கூடாது."

விஷயம் இதுதான். மாப்பிள்ளை இந்தக் கம்பெனியில் மடிக்கணினிகளுக்கு டிரைவர் எழுதுகிறவர். மாமியார் இதைத் தெருவில் பெருமையாகச் சொன்னபோது, எந்த ரூட்டு வண்டி என்று கேட்டார்களாம். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பாகங்களிடம் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்வதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற தூதுவனுக்குத்தான் டிரைவர் என்று பெயர். மடிக்கணினியின் பேட்டரி எந்நேரமும் நூறு சதவீதம் நிரம்பியே கிடந்தால் சீக்கிரம் கிழடு தட்டிவிடும். எண்பதோடு நிறுத்து என்று சொன்னால் நிறுத்திக்கொள்ள உள்ளே ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. ஆனால் அதனிடம் போய்ச் சொல்லத்தான் ஆளில்லை. அந்த வேலையை டிரைவருக்குக் கற்றுக்கொடுத்தவர் இவர். ஒன்றரை வருஷ உழைப்பு. அலுவலகத்தில் யார் சார்ஜர் போட்டாலும் ஓடிப்போய் எண்பதில் பிடுங்கி விடுவதால், அவருக்குப் பட்டப்பெயரே எண்பது.

ஞாயிற்றுக்கிழமை எண்பது தனியாக அலுவலகம் வந்து வேலை பார்த்துவிட்டுப் போனார். அன்றிரவே மனைவிக்கு வலி எடுத்தது. திங்கள் காலையில் பெண் குழந்தை. திங்களும் செவ்வாயும் ஆஸ்பத்திரியை விட்டு அவர் நகரவில்லை. செவ்வாய் மாலை, அவர் எழுதியது அத்தனையும் போட்டிக் கம்பெனியின் கையில் இருப்பது தெரிந்தது. அவருடைய மடிக்கணினி பாஸ்வேர்டு போட்டால்தான் திறக்கும். பாஸ்வேர்டு அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆகவே ஞாயிற்றுக்கிழமையே எடுத்துக் கொடுத்துவிட்டார் என்று அலுவலகம் முடிவு கட்டிவிட்டது.

இன்று வியாழன். நாலு மணிக்குள் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேற வேண்டும், இல்லையென்றால் போலீஸ். கையெழுத்துப் போட்டால் இந்தத் தொழிலில் இனி ஒருவரும் அவரை வாசல்படி ஏற விட மாட்டார்கள். ஐந்து மணிக்கு மனைவியையும் குழந்தையையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவர வேண்டியவரும் அவர்தான்.

மேலாளரின் அறைக்கு அழைப்பு வந்தது. ரேடியோ உள்ளே நுழைந்ததும் பார்த்தது மேலாளரை அல்ல, அவர் மேசைக்குப் பக்கத்தில் சும்மா இருந்த பிளக்கை.

"சார், தப்பா நினைக்காதீங்க, போன் கடைசி மூச்சு விடுது."

"போடுங்க தம்பி, தாராளமா" என்ற மேலாளர், அவன் வெளியே எடுத்த வயரைப் பார்த்ததும் முகம் சுளித்தார். போனில் செருகும் இடத்தில் ரப்பர் கிழிந்து உள்ளே செப்புக்கம்பி பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. "இதப் பாக்கெட்ல வச்சுக்கிட்டா நடக்கறீங்க? குடுங்க."

மேசை டிராயரிலிருந்து மஞ்சள் டேப் ஒரு சுருளும் சின்னக் கத்தரியும் வந்தன. நாலு சுற்று, இடைவெளி தெரியாமல். கடைசியில் டேப்பின் நுனியை ஒரு நூலிழை அகலத்துக்கு உள்பக்கமாக மடித்து விரலால் அழுத்தினார்.

"முனைய மடிச்சு விட்டுட்டா அடுத்த தடவ பிரிக்கிறவனுக்கு நகம் தேயாது. நான் ஏசி ரூம்ல பொறந்தவன் இல்ல தம்பி. பதினோரு வருஷம் ரிப்பேர் கடைல ஸ்டூல்ல உக்காந்து கத்துக்கிட்டது."

ரேடியோவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. போன் சார்ஜ் ஏறத் தொடங்கியதும் இன்னும் பிடித்துப்போயிற்று.

மீட்டரம்மாவின் கண் மேசையின் மறுகோடியில் இருந்தது. சார்ஜர் செருகியபடி ஒரு மடிக்கணினி.

"இதுதானா?"

"இதேதான். நேத்துக் காலைல அவன் டேபிள்லேருந்து நானே சார்ஜரோட எடுத்துட்டு வந்தேன். அப்பலேருந்து யாரும் தொடல."

மீட்டரம்மா ஒரு சாவியைத் தட்டினார். பாஸ்வேர்டு கேட்கும் திரை எழுந்தது. வலது மூலையில் பேட்டரிப் படமும் ஓர் எண்ணும். நூறு.

"நூறா?" என்றார்.

மேலாளர் வருத்தமாகச் சிரித்தார். "நானும் கவனிச்சேன்மா. சொல்ல வேண்டாம்னு இருந்தேன். எண்பதுக்கு மேல ஏத்தாதேன்னு எங்க எல்லாரையும் பாடாப் படுத்தின ஆளு, தன்னோடத மட்டும் நூறு வரைக்கும் ஏத்தி வச்சிருக்கான். வெளியூர் கிளம்பறவன்தான் வரம்ப எடுத்துட்டு முழுசா நிரப்பிக்குவான். மிஷினோட ஓடறதா இருந்திருக்கு. குழந்தை பொறந்து கெடுத்துடுச்சு."

ரேடியோவின் உற்சாகம் பொசுக்கென்று இறங்கியது. வெளியே வந்ததும் கிசுகிசுத்தான். "பெரியம்மா, நம்ம ஆளு திருடன்தான் போல. எனக்கே ஒரு மாதிரி இருக்கு. மாமியார் முகத்துல எப்படி முழிக்கிறது?"

"முழிக்கிறதுக்கு முன்னாடி அந்தாளோட முகத்தப் பாப்போம், வா."

கண்ணாடி அறையில் எண்பது உட்கார்ந்திருந்தார். மூன்று நாள் தாடி, கசங்கிய சட்டை, முன்னால் ஒரு தாள், தாளின் மேல் மூடி திறந்த பேனா. மாமியாரும் பின்னாலேயே வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மணி மூன்று ஐந்து.

"தம்பி, உங்க மிஷின்ல பேட்டரி நூறுல நிக்குது" என்றார் மீட்டரம்மா.

திருடன் என்று சொன்னபோதுகூட இந்த மனிதர் இப்படித் துள்ளியிருக்க மாட்டார். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"நூறா? சத்தியமா இருக்காதுங்க! ஒன்றரை வருஷத்துல ஒரு நாள்கூட நான் அத நூறுக்கு விட்டதில்ல. ஞாயித்துக்கிழமை கிளம்பும்போது எண்பது. பாத்துட்டுத்தான் கிளம்பினேன்."

"வீட்டுல என் போனையே எண்பதுல பிடுங்கிடுவாருங்க" என்று மாமியார் சாட்சி சொன்னார்.

"அப்ப எப்படி ஏறிச்சு?"

"யாராவது உள்ள போயி வரம்ப மாத்தணும். அதுக்குப் பாஸ்வேர்டு வேணும். அது என்கிட்ட மட்டும்தான்..." அவருக்கே தான் சொல்வது எங்கே போய் நிற்கிறது என்பது தெரிந்து, குரல் தேய்ந்தது. கை பேனாவை நோக்கிப் போயிற்று. "விடுங்கம்மா. நான் போட்டுடறேன். போலீஸ்னு வந்தா அஞ்சு மணிக்கு அவங்கள யாரு கூட்டிட்டு வர்றது?"

மாமியார் அந்தப் பேனாவை எடுத்து மூடி, தன் பைக்குள் போட்டுக்கொண்டார். உள்ளே போன கை வெறுமனே வரவில்லை. முனை மடங்கிய ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தோடு வந்தது.

"ஆஸ்பத்திரியில நாற்காலில உக்காந்து இதத்தான் புரட்டிட்டு இருந்தாரு. எனக்கு ஒண்ணும் விளங்கல. உங்களுக்கு எதாவது ஆகுமா பாருங்க."

செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் அது. நாற்பத்தொரு வரி. நாற்பதுக்கு எதிரே டிக். மீட்டரம்மாவின் விரல் கடைசி வரியில் போய் நின்றது. அதற்கு மட்டும் டிக் இல்லை. உரக்கப் படித்தார்.

"பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால் சில்லு எண்ணை மறந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது டிரைவர் நினைவூட்ட வேண்டும்."

எண்பது நெற்றியில் அடித்துக்கொண்டார். "அது இன்னும் எழுதலம்மா. திங்கக்கிழமை எழுதலாம்னு வச்சிருந்தேன்."

"அது இருக்கட்டும். வரம்ப நீங்களே நூறுன்னு மாத்தினா உள்ள என்ன காட்டும்?"

"வரம்பு நூறுன்னு காட்டும்."

"சில்லு மறந்துட்டா?"

"சைபர் காட்டும். சைபர்னா வரம்பே இல்லன்னு அர்த்தம், அது பாட்டுக்கு நூறு வரைக்கும் ஏத்திடும்."

"கையால சைபர்னு போட முடியுமா?"

"முடியாது. நாப்பதுக்குக் கீழ எதப் போட்டாலும் டிரைவர் வாங்காது. நான்தான அப்படி எழுதி..." அவர் நிறுத்தினார்.

அதற்குள் ரேடியோ அறையில் இல்லை. கம்பெனியின் முதலாளியம்மாவைக் கூப்பிட ஓடிவிட்டிருந்தான்.

மூன்று இருபத்தைந்துக்கு மேலாளரின் அறையில் எல்லோரும் கூடினார்கள். முதலாளியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். எண்பதை மடிக்கணினியைத் தொட விடவில்லை. பாஸ்வேர்டை அவர் சொல்ல, ரேடியோ தட்டுவதாக ஏற்பாடு.

"சொல்லுங்க."

எண்பது நெளிந்தார். "அது... அத்தையோட பொறந்த தேதி."

"மாமியார் பொறந்த தேதியா? சார், இந்த உலகத்துல எந்தத் திருடனும் இத யோசிச்சிருக்கவே மாட்டான்" என்றான் ரேடியோ. மாமியார் பையை இறுக்கி அணைத்துக்கொண்டார்.

திரை திறந்தது. எண்பது எழுதிய சின்னக் கட்டம் ஒன்று. அதில் இரண்டு வரி. இப்போதைய சார்ஜ், நூறு. வரம்பு, சைபர்.

"ஓடிட்டிருக்கிற மீட்டர் ஒரு நாள் திடீர்னு சைபர் காட்டினா, அந்த வீட்டுல கரண்டே செலவாகலன்னு நான் எழுதிட்டு வந்ததில்ல" என்றார் மீட்டரம்மா. "யாரோ சுவத்துலேருந்து கழட்டி மாட்டியிருக்காங்கன்னு எழுதுவேன். இதுவும் அப்படித்தான். கீபோர்டுல யாரும் வரம்ப மாத்தல. யாரோ அடிமூடியத் திறந்து, பேட்டரி வயரக் கழட்டி, இவர் எழுதினதெல்லாம் சேர்ந்திருக்கிற டிஸ்க்க எடுத்து வேற மிஷின்ல போட்டு நகல் எடுத்திருக்காங்க. அப்புறம் பழையபடி மாட்டிட்டாங்க. அதுக்குப் பாஸ்வேர்டு எதுக்கு? ஞாயித்துக்கிழமை எண்பதுல நின்னது, புதன்கிழமை காலைலேருந்து உங்க ரூம்ல இருக்கு. நடுவுல ரெண்டு நாள். அந்த ரெண்டு நாளும் இவர் பிரசவ வார்டு வாசல்ல."

முதலாளியம்மா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

மேலாளர்தான் முதலில் பேசினார். "அட, இது எனக்குத் தோணவே இல்லையே! அப்ப சர்வீஸ்காரன்தான். மிஷினத் திறந்து மூடற வேலை இங்க அவனுக்குத்தான். கூப்பிடுங்க அவன."

சர்வீஸ்காரர் வந்தார். கலைந்த தலை, சட்டைப் பையில் மூன்று ஸ்க்ரூடிரைவர். முதலாளியம்மா ஒன்றும் விளக்கவில்லை. "இதத் திறந்து டிஸ்க்க வெளிய எடுங்க" என்றார்.

அவர் சார்ஜரைப் பிடுங்கினார். மடிக்கணினியைக் குப்புறப் போட்டார். திருகாணிகள் மேசையில் நாலாபக்கமும் உருண்டன. ஒன்றைக் குனிந்து பிடித்த ரேடியோ, திருடனாகவே இருந்தாலும் இவ்வளவு பொறுப்பில்லாமலா என்று நினைத்துக்கொண்டான். அடிமூடி படக்கென்று பிளந்தது. ஸ்க்ரூடிரைவர் நேராக டிஸ்க்கின் மேல் போயிற்று.

"யோவ்! முதல்ல பேட்டரி வயரக் கழட்டுய்யா!" என்று மேலாளர் கத்தினார். "எத்தன தடவ சொல்றது உனக்கு?"

"நான் என்னைக்கு சார் கழட்டியிருக்கேன்?" என்றார் சர்வீஸ்காரர் அலட்டிக்கொள்ளாமல். "அஞ்சு வருஷமா நீங்களும் திட்டறீங்க, நானும் கழட்டறதில்ல. ஒண்ணும் ஆகலியே."

மீட்டரம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப இவர் திறந்திருந்தா சில்லு எதையும் மறந்திருக்காது" என்றார் மீட்டரம்மா மெதுவாக. "எண்பது எண்பதாவே நின்னிருக்கும். இது ஒழுங்கா வேலை கத்துக்கிட்ட கை."

"சரி, கழட்டணும்னா கழட்டறேன்" என்று சர்வீஸ்காரர் பேட்டரிப் பக்கம் குனிந்தார். "இதென்ன, மேல டேப் வேற? நான் ஒட்டல சார். ரெண்டு மாசம் முன்னாடி நான்தான் இதத் திறந்தேன், அப்ப இது இல்ல. டேப் வாங்கற வழக்கமே எனக்குக் கிடையாது."

ரேடியோ எட்டிப் பார்த்தான். பேட்டரி வயர் சென்று சேரும் இடத்தில், அது நழுவி விடாதபடி, அளவாக வெட்டிய மஞ்சள் டேப் ஒரு துண்டு. அதன் நுனி ஒரு நூலிழை அகலத்துக்கு உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது.

அவன் மேசைக்கு அந்தப் பக்கம் போய், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த தன் போனை, பிளக்கைப் பிடுங்காமலே வயரோடு இழுத்துக்கொண்டு வந்து மடிக்கணினிக்குப் பக்கத்தில் வைத்தான். அதே மஞ்சள், அதே மடிப்பு.

"அடுத்த தடவ பிரிக்கிறவனுக்கு நகம் தேயாதுன்னு சொன்னீங்களே சார்" என்றான். சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் வலிக்கவே செய்தது.

"மஞ்சள் டேப் ஊரெல்லாம் விக்கிது" என்றார் மேலாளர். ஆனால் குரலில் தெம்பில்லை. முதலாளியம்மா அவருடைய டிராயரை இழுத்து, சுருளை எடுத்து மேசைமேல் வைத்தார். சுருளின் நுனியும் மடித்திருந்தது.

மேலாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த மடிப்பை விரலால் ஒரு தடவை அழுத்தினார்.

"பேட்டரியக் கழட்டாம ஒரு மிஷினுக்குள்ள நான் கை வச்சதில்ல" என்றார். அந்த நிலையிலும் அதைச் சொல்லும்போது அவர் நிமிர்ந்துதான் சொன்னார். பிறகு குனிந்துகொண்டார். "அடுத்த மாசம் அங்க எனக்குத் தலைமைப் பொறுப்பு தர்றதாச் சொன்னாங்க. வெறுங்கையோட வராதீங்கன்னு சொன்னாங்க."

எண்பது அவரையே பார்த்தார். "என்கிட்ட நேத்து என்ன சார் சொன்னீங்க? கையெழுத்துப் போட்டுடு, குழந்தைக்காகவாவது போட்டுடுன்னு..."

மாமியார், மாப்பிள்ளை கண்ணாடி அறையிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த தாளை வாங்கி நாலாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். முதலாளியம்மா தடுக்கவில்லை. எண்பதிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, மன்னிப்புக் கேட்டுப் பழக்கம் இல்லாததால் தோளைத் தொட்டுவிட்டு, போலீசைக் கூப்பிட வெளியே போனார்.

"ஒண்ணு கேளுங்க தம்பி" என்றார் மீட்டரம்மா. "அந்த நாப்பத்தோராவது வேலையையும் நீங்க முடிச்சிருந்தீங்கன்னா, மிஷின் மறுபடி கிளம்பும்போதே டிரைவர் சில்லுக்கு எண்பத ஞாபகப்படுத்தியிருக்கும். அந்த சைபர் நம்ம கண்ணுல பட்டிருக்காது. இந்நேரம் நீங்க கையெழுத்துப் போட்டிருப்பீங்க."

"திங்கக்கிழமை எழுதி முடிச்சிருப்பேன்மா. பிரசவத்துக்கு அடுத்த வாரம்தான் தேதி குடுத்திருந்தாங்க. பாப்பா ஒரு வாரம் முன்னாடியே..."

மாமியார் கையை வாயில் வைத்துக்கொண்டார். "அவசரக்காரி, அவசரக்காரின்னு மூணு நாளா நான்தான் திட்டிட்டு இருக்கேன். அப்பனக் காப்பாத்தத்தான் ஓடி வந்திருக்கா."

எண்பது அழுதார். மூன்று நாளாக அடக்கியது. ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அங்கே பார்க்க ஒன்றும் இல்லாத ஒரு சுவரை மிகுந்த அக்கறையோடு பார்த்தான்.

மணி மூன்று ஐம்பத்திரண்டு. முதலாளியம்மா வாசலில் தலையை நீட்டினார். "அந்த வயரும் இங்கயே இருக்கணும். போலீசுக்குக் காட்டணும்."

"மேடம், போன்ல எழுபத்தொம்பதுதான் ஏறியிருக்கு!" என்றான் ரேடியோ.

எண்பது கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று நிமிர்ந்தார். "எழுபத்தொம்பதா? இன்னும் ஒண்ணுதான். ஒரே நிமிஷம், பிடுங்கிடாதீங்க."

மாமியார் குனிந்தார். பிளக்கைப் பிடித்து ஒரே இழுப்பில் பிடுங்கினார்.

"எழுபத்தொம்பதே போதும். என் பேத்தி காத்துட்டிருக்கா. வாங்க மாப்பிள்ளை."

எண்பது அந்த ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மாமியாரின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி ஓடினார்.